சொல்லாமல் விட்ட இடத்தில் நான் எழுதிய வரி

காலை பத்தேகாலுக்குக் கண் டாக்டர் நேராக எனக்கே போன் செய்தார். அப்படி அவர் செய்வதில்லை. ஏதாவது கோளாறு என்றால் கிளினிக் வரவேற்பில் இருக்கும் பெண் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போடுவாள், நாங்கள் பார்த்துச் சரிசெய்வோம். டாக்டரின் குரலைக் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"போன வருஷத்துப் போட்டோ ஒன்னு கேட்டேம்மா. 'திறக்க முடியவில்லை'னு வருது. பேஷண்ட் எதிர்லயே உக்காந்திருக்காங்க. கொஞ்சம் சீக்கிரம் பாருங்க."

பதிவு எண்ணை மட்டும் கேட்டேன். பக்கத்தில் காகிதம் இல்லாததால் புறங்கையில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் அலுவலகம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் காபி குடிக்கும் ஒரு கடையின் மாடியில் இருக்கிறது. மொத்தம் ஐந்து பேர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்த நான், கணவருக்குக் கலெக்டர் ஆபீஸில் வேலை மாற்றலானதும் வேங்கிக்காலில் வீடு பிடித்து, இந்தச் சின்ன இடத்தில் சேர்ந்தேன். சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அதில் ஒன்று கண் பரிசோதனை வேன். ஒரு அறக்கட்டளை நடத்துவது. வேன் ஊர் ஊராகப் போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களின் விழித்திரையை, அதாவது கண்ணின் உட்பக்கத்தை, போட்டோ எடுப்பார்கள். எடுத்த படம் கிளவுட்டுக்குப் போகும். அடுத்த வருடம் அதே ஆளுக்கு இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் டாக்டர். பழைய படம் இல்லாமல் புதுப் படத்துக்குப் பாதி அர்த்தம்தான்.

திரையில் அந்த எண்ணைத் தட்டினேன். படம் பட்டியலில் இருந்தது. பெயர், தேதி, அளவு எல்லாம் சரி. திறந்தால் மட்டும் பிழை வந்தது. அளவுக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தைப் பார்த்தேன். 'ஆர்க்கைவ்' என்று இருந்தது.

கிளவுட்டில் ஒரு கோப்பைப் போடும்போது அதை எந்த வகையில் வைப்பது என்று சொல்லலாம். ஸ்டோரேஜ் கிளாஸ் என்பார்கள். அடிக்கடி திறப்பதைக் கேட்டவுடன் கிடைக்கிற வகையில் வைப்போம். அதற்கு வாடகை ஜாஸ்தி. வருடக்கணக்கில் யாரும் தொடமாட்டார்கள் என்று தெரிந்ததை ஆர்க்கைவில் போடுவோம். வாடகை ரொம்பக் கம்மி. ஆனால் அதைத் திறக்க வேண்டுமானால் முதலில் ஒரு கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அரை நாள் வரைக்கும் ஆகலாம். எங்களுக்கு அவசரம் என்று சொல்ல அதில் வழி கிடையாது.

எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவர்தான் கண் வேனுக்கு நிரல் எழுதியவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அப்போதுதான் அப்பாவாகியிருந்தார். அவரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"இந்த ஒன்னு மட்டுமா அக்கா?"

முழுப் பட்டியலையும் இறக்கிப் பார்த்தோம். வேன் ஓட ஆரம்பித்த முதல் நாளிலிருந்து நேற்று வரைக்கும் எல்லாப் படங்களுக்கும் ஆர்க்கைவ் என்றே இருந்தது. இத்தனை மாதம் இது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. படம் எடுத்த அன்று டாக்டர் அதை வேனின் லேப்டாப்பிலிருந்தே பார்த்துவிடுவார். மேலே அனுப்பியதை யாரும் திரும்பக் கேட்டதில்லை. ஒரு வருடம் கழித்து வரச் சொன்னவர்கள் அந்த வாரம்தான் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"லேப்டாப்ல பழசு இருக்குமா?"

அவர் தலையை ஆட்டினார். "மேல போனதும் தானா அழிஞ்சிடற மாதிரி நான்தான் அக்கா எழுதினேன். இடம் பத்தலன்னாங்க." பிறகு மெதுவாக, "நான் கிளாஸ் எதுவுமே போடல. போடணும்னே தெரியல. என் தப்புதான்" என்றார்.

அந்த நிமிடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை எழுதுவதற்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் எனக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது.

கோப்புகளை மேலே அனுப்பும் வேலையை ஆளுக்கொரு விதமாக எழுதக்கூடாது என்று நான் ஒரு லைப்ரரி எழுதி வைத்திருந்தேன். ஒருவர் எழுதி எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுவான நிரலுக்கு அந்தப் பெயர். அனுப்புகிறவர் எந்த வகை என்று சொல்லலாம். சொல்லாமல் விட்டால் எதில் போடுவது என்பதற்கு அதில் ஒரு வரி உண்டு. அதுதான் டிஃபால்ட். நான் முதன்முதலில் அதை எழுதியது ஒரு கல்யாண மண்டபத்தின் கேமரா பதிவுகளுக்காக. போலீஸ் கேட்டால் ஒழிய யாரும் பார்க்காத பதிவுகள். அதனால் ஆர்க்கைவ் என்றே அந்த வரியில் எழுதினேன். பிறகு லைப்ரரி மற்ற வேலைகளுக்கும் போனது. அந்த வரி அப்படியே இருந்தது.

மண்டபத்தை நினைத்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. மண்டபத்துப் பதிவுகள் ஆறு மாதத்தில் தானாக அழிந்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கும் ஒரு விதி எழுதியிருந்தேன். அது அந்த மண்டபத்துக்கு மட்டும்தானா, இல்லை அதுவும் டிஃபால்ட்டா? நாங்கள் பார்த்த பட்டியல் எங்கள் பதிவேடுதான், மேலே கோப்பு அழிந்துபோனாலும் அதில் பெயர் அப்படியே நிற்கும்.

ஞாபகமில்லை. நான் எழுதிய நிரல், எனக்கே ஞாபகமில்லை. பழைய கோப்புகளைத் திறந்து தேடினேன். எதிரில் அவர், வேன் போன ஊர்களின் முகாம் நோட்டை வைத்துக்கொண்டு, அன்றைக்கு எத்தனை படம், மேலே நிஜமாக எத்தனை கோப்பு என்று ஒவ்வொரு ஊராக ஒப்பிட்டார். கீழே காபிக் கடையில் யாரோ கிடாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்பியைத் திரும்பத் திரும்ப மீட்டியது மாடி வரை கேட்டது.

"முதல் முகாம் சரியா இருக்குது அக்கா. ரெண்டாவதும் சரி."

"மேல சொல்லுங்க."

"எல்லாமே இருக்குது. ஒன்னுகூடக் குறையல."

அதே நேரத்தில் நானும் அந்த விதியைக் கண்டுபிடித்தேன். மண்டபத்துக்கு மட்டும் பொருந்தும்படிதான் எழுதியிருந்தேன். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். பாதி சேலையில் கொட்டியது. படங்கள் தாமதமாக வரும், அவ்வளவுதான். போய்விடவில்லை. டாக்டர் கேட்ட படத்துக்குக் கோரிக்கை அனுப்பியபோது பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மறுநாள் பௌர்ணமி, கிரிவலத்துக்குக் கூட்டம் வரும். தேரடி வீதியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தடுப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் நேரமில்லாதவர் மாதிரி புதுப் படத்தைத் திரையில் காட்டினார். ஆரஞ்சு நிற வட்டம், அதில் வேர் மாதிரி ரத்தக் குழாய்கள். நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி வெளுப்பாக ஒரு திட்டு.

"இது பழைய தழும்பா இருந்தா ஒன்னும் பண்ண வேணாம். புதுசா வந்ததுன்னா நாளைக்கே சென்னைக்கு அனுப்பணும், லேட் பண்ணக்கூடாது. பாத்தா பழசு மாதிரிதான் தெரியுது. ஆனா மாதிரின்னு சொல்லி நான் வீட்டுக்கு அனுப்ப முடியாதில்ல? இடது கண்ணு ஒரு மாசமா மங்கலா இருக்குதுன்னு வேற சொல்றாங்க."

"சாயங்காலத்துக்குள்ள வந்துடும் டாக்டர். ரொம்பப் போனா ராத்திரி பதினோரு மணி."

"எட்டு மணி வரைக்கும் நான் இருக்கேன். வந்தா நல்லது. வரலன்னா புதுசுன்னே வெச்சிக்கிட்டு அனுப்பிடறேன்."

வெளியே பெஞ்சில் அந்தப் பேஷண்ட், ஒரு அம்மா, உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். போளூர் பக்கம் ஒரு கிராமம். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். பரிசோதனைக்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். அதை விட்டால் சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருப்பது தெரியாது. முந்தானையை நெற்றிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தார். தனியாக வந்திருந்தார். கணவர் பெங்களூரில் கட்டட வேலை, மகளுக்கு நிறைமாதம்.

ஊருக்குப் போய்விட்டு மறுபடி வர முடியாது. பௌர்ணமிக் கூட்டத்தில் சாயங்காலம் பஸ் கிடைப்பது கஷ்டம். எட்டு மணி வரைக்கும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கவா? "எங்க வீட்டுக்கு வாங்கம்மா, வேங்கிக்கால்தான். போட்டோ வந்ததும் நானே கூட்டினு வந்து விடறேன்" என்றேன். அவர் என் முகம் இருந்த திசையில் பார்த்தார்.

"நீ யாருமா?"

"போட்டோ எல்லாம் வெக்கிற ஆபீஸ்ல வேலை செய்றேன்."

"சரி, போலாம்" என்று கையை நீட்டினார். பிடித்து ஸ்கூட்டர் வரை கூட்டிப்போனேன். பின்னால் உட்கார்ந்ததும் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் முதுகில் வெயிலுக்கு மறைத்துக்கொண்டார்.

வீட்டில் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டேன். சாதம், கீரைக் குழம்பு இருந்தது. சர்க்கரைக்காரர் என்பதால் சாதத்தைக் குறைத்துக் கீரையை நிறைய வைத்தேன். "இன்னாமா, ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரியே வெக்கிற" என்று சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டே கண் மங்கியதை எப்படித் தெரிந்துகொண்டார் என்று சொன்னார். மொபெட்டில் நிலத்துக்குப் போகும்போது இடது பக்கத்திலிருந்து ஓடி வந்த ஆடு தெரியவே இல்லையாம். கிட்டே வந்த பிறகுதான் பார்த்து, வண்டியை வரப்பில் இறக்கிவிட்டாராம்.

"ஆட்டுக்கு ஒன்னும் ஆவல. எனக்குத்தான் முட்டி தேஞ்சிப்போச்சு. அதுலேர்ந்து வண்டி எடுக்க பயமா இருக்குது. பொண்ணுக்கு வலி வந்தா நான்தான் கூட்டினு போவணும். கண்ணு போயிடுச்சின்னா இன்னா பண்றது சொல்லு?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன். "அம்மா, உங்க போன வருஷத்துப் படம் இப்ப கிடைக்காததுக்கு நான்தான் காரணம். சீக்கிரம் எடுக்க முடியாத இடத்துல போய் உக்காந்துடுச்சு. அங்க போவணும்னு எழுதினது நான். தெரிஞ்சி பண்ணல, ஆனா நான் எழுதினதுதான்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "படம் இருக்குதா, இல்லியா?"

"இருக்குது."

"நல்லாத் தெரியுமா?"

"எண்ணிப் பாத்துட்டோம்மா. இருக்குது."

"அப்புறம் இன்னா? வரட்டும். நீ சோத்தைத் துன்னு." தட்டில் இருந்த கீரையை வழித்துக்கொண்டே, "ஆனா எனக்கு ஆன மாதிரி வேற யாருக்கும் ஆவக்கூடாது. அதை மாத்திடு" என்றார். அதட்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது மன்னிப்பைவிட நன்றாக இருந்தது.

அவர் படுத்துத் தூங்கினார். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தின் நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே இருந்தது. நாலு மணிக்கு அவர் எழுந்து காபி கேட்டார், சர்க்கரை இல்லாமல். ஐந்து மணிக்கு மகளிடம் போனில் பேசினார், டவுனில் தெரிந்தவர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். சொட்டு மருந்தின் வேகம் குறைந்திருந்தது. சுவரில் இருந்த காலண்டரின் பெரிய எழுத்துகளை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார்.

ஆறு இருபதுக்கு நிலை மாறியது. படத்தைத் திறந்தேன். அதே ஆரஞ்சு வட்டம், அதே வேர்கள். நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி வெளுப்பாக ஒரு திட்டு. நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் காலையில் பார்த்தது கண்ணிலேயே நின்றதால், இது அதேதான் என்று தோன்றியது. வாய் திறக்கப் பயமாக இருந்தது. "படம் வந்துடுச்சும்மா. டாக்டர் பாக்கட்டும், கிளம்புங்க" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தார். அளந்து பார்த்தார். பெரிதாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி அளந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்திருந்தேனோ, தெரியாது.

"போன வருஷமும் இதே இடத்துல, இதே சைஸ்ல இருக்குது. பழைய தழும்பு. ஒன்னும் பயமில்ல. சென்னைக்கெல்லாம் போவ வேணாம்."

"அப்ப ஏன் மங்கலா இருக்குது?"

"உங்களுக்குப் புரை ஆரம்பிச்சிருக்குது. இப்ப கண்ணாடி போதும். கண்ணாடி போட்டா வண்டி ஓட்டலாம். அடுத்த வருஷம் பாத்து ஆபரேஷன் பண்ணிக்கலாம், சின்ன வேலைதான்."

அந்த அம்மா பெரிதாக மூச்சு விட்டார். பிறகு, "புரைதானா! அதை எங்க தெருவுல எல்லாரும் பண்ணினுட்டாங்க" என்றார். டாக்டர் சத்தமாகச் சிரித்தார். நான் வெளியே வந்து தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல முடியாது. தண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தியாகத் தேவைப்பட்டது.

பஸ் ஸ்டாண்டில் ஊருக்குள் வரும் பஸ்கள்தான் நிரம்பி வழிந்தன. போளூர் பக்கம் போகும் வண்டி பாதி காலி. ஜன்னல் ஓரம் இடம் பிடித்து உட்கார வைத்தேன். "பிள்ளை பொறந்ததும் போன் பண்றேன், நம்பர் குடு" என்றார். கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நான் போவதற்கு முன்பே எதிர் மேசைக்காரர் முதலாளியின் அறையில் இருந்தார். கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. தலை குனிந்திருந்தது. மேசையில் ஒரு காகிதம். நான் தட்டாமலே உள்ளே போனேன்.

"இவர் மன்னிப்புக் கடிதம் எழுதினு வந்திருக்காரு. கிளாஸ் போடாம விட்டது இவருதான்னு சொல்றாரு" என்றார் முதலாளி.

"போடாம விட்டா இன்னா ஆவணும்னு முடிவு பண்ணது நான் சார்." லேப்டாப்பைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். பக்கத்திலேயே எழுதியவரின் பெயர் இருந்தது, என் பெயர். "இதைப் பயன்படுத்தறவங்க எல்லாருக்கும் இது தெரியும்னு நெனச்சிட்டேன். எங்கயும் எழுதி வெக்கல. நேத்து இவர் தன் தப்புன்னு சொன்னப்ப நான் சும்மா இருந்துட்டேன். அதுவும் தப்பு."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டத்தான் செய்தார், இருவரையும் சேர்த்து, ஐந்து நிமிடம். அறக்கட்டளைக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பச் சொன்னார். முடித்ததும் அந்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். வெளியே வந்ததும் எதிர் மேசைக்காரர், "ராத்திரி பொண்டாட்டிகிட்ட வேலை போயிடும்னு சொல்லி வெச்சிட்டேன் அக்கா" என்றார். "இப்பவே போன் பண்ணுங்க" என்றேன். மாடிப்படியில் நின்று பேசினார். போனில் அந்தப் பக்கம் குழந்தை கத்துவது எனக்கே கேட்டது.

அன்று மதியமே அந்த வரியை எடுத்தேன். முதலில் அதைக் 'கேட்டவுடன் கிடைக்கும்' வகைக்கு மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு அதுவும் வேண்டாம் என்று தோன்றியது. இப்போது என் லைப்ரரியில் டிஃபால்ட்டே இல்லை. எந்த வகை என்று சொல்லாமல் ஒரு கோப்பை அனுப்பினால் அது அனுப்ப மறுத்து, எது வேண்டும், எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று தமிழிலேயே இரண்டு வரி காட்டும். முதல் வாரம் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள். "அக்கா, ஒரு ஃபைல் அனுப்ப இத்தனை கேள்வியா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா" என்றேன்.

வேனின் பழைய படங்கள் எல்லாவற்றுக்கும் கோரிக்கை அனுப்பி, மேலே வர வர அவற்றைச் சாதாரண வகைக்கு மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலேயே கடைசித் தொகுதி முடிந்தது. ஊருக்கு ஒன்றாகப் படங்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் உடனே திறந்தன. கணவர் சமையலறையிலிருந்து தோசை ஆறுகிறது என்று மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார். லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் ஐந்து தோசை சாப்பிட்டேன்.